மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது?

9 ஜூன் 2024: திருமங்கலத்திலிருந்து வந்த கேள்வி

"திருமங்கலத்தில் எங்களுக்கு இரண்டு மாடி வணிகக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே நாலு கடை, மேலே ஒரு கிளினிக், ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கட்டி 22 வருஷம் ஆகிறது. மூன்று வருஷமாக ஒவ்வொரு புரட்டாசியிலும் தளத்துக்கு வாட்டர் புரூஃபிங் பெயின்ட் அடிக்கிறோம், ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒழுகுகிறது. போன வருஷம் கிளினிக்கில் சீலிங் பூச்சு பெயர்ந்து நாற்காலி மேல் விழுந்தது. நல்லவேளை, யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எந்த பெயின்ட் நல்லது? இல்லை, மேலே ஷீட் போட்டுவிடலாமா?"

10 ஜூன் 2024

பெயின்ட் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் இதைச் சொல்லுங்கள்: உங்கள் மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது? கடைசியாக யார், எந்தத் தேதியில், எதற்காக மேலே போனார்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், மதுரை விளக்குத்தூண் பக்கம் என் மாமனார் 1979-இல் கட்டிய கட்டடத்தைப் பதினாறு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கீழே ஜவுளிக் கடை, முதல் மாடியில் தையல் கூடம், அதற்கு மேல் ஓர் ஆடிட்டர் அலுவலகமும் டியூஷன் சென்டரும். மாமனார் இருந்தவரை மாடிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர் காலமான பிறகு ஒரு சாவி நாலு சாவி ஆனது. கேபிள்காரரிடம் ஒன்று, ஏ.சி. மெக்கானிக்கிடம் ஒன்று, தண்ணீர் மோட்டார் போடும் பையனிடம் ஒன்று, கடைக் கல்லாவில் ஒன்று. எல்லோரும் மேலே போனார்கள். தளத்தைப் பார்க்க என்று ஒருவரும் போகவில்லை.

ஏ.சி.க்காரர் ஸ்டாண்டுக்காக, தளத்தின் மேல் பதித்த தட்டோட்டில் எட்டு ஓட்டை போட்டார். கேபிள்காரர் கைப்பிடிச் சுவரில் ஆணி அடித்தார். விளம்பரப் பலகை வைத்தவர்கள் ஆங்கிள் நடுவதற்கு நாலு தட்டோட்டைப் பெயர்த்துவிட்டு, மேலே ஒரு கைச் சிமென்ட் அப்பிவிட்டுப் போனார்கள். அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்தார்கள். தளம் யாருடைய வேலை என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. 2011 ஐப்பசியில் ஒரு ராத்திரி பெய்த மழையில் ஆடிட்டர் அலமாரியில் இருந்த கோப்புகள் இரண்டு தட்டு முழுக்க நனைந்தன. அவர் சத்தம் போடவில்லை. மின்விசிறியைப் போட்டு ஒவ்வொரு தாளாகக் காயவைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் மூன்று சாவிகளைத் திரும்ப வாங்கினேன்.

இப்போது ஒரே சாவி. மாடிக் கதவுக்கு உள்பக்கம் ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. யார் போனாலும் பெயர், தேதி, எதற்குப் போனார்கள், எங்கே ஓட்டை போட்டார்கள் என்று எழுதவேண்டும். எழுதவில்லை என்றால் அடுத்த முறை சாவி கிடையாது.

புரட்டாசியில் பெயின்ட் அடிப்பது பற்றி: ஆவணி, புரட்டாசியில் நம் பக்கம் சாயங்கால இடிமழை வந்துகொண்டே இருக்கும். மேலே காய்ந்தது போலத் தெரியும், தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லித் தளம் ஈரத்தைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். வெயில் ஏறியதும் ஆவியாகி மேலே தள்ளும், பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். ஒரு கொப்புளம் உடைந்தால் போதும், அடுத்த மழை அதன் வழியாக இறங்கிவிடும். உங்கள் தளத்தில் பழைய கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

11 ஜூன் 2024

சாவி வாட்ச்மேனிடம் இருந்தது, அவர் சித்திரையோடு வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பூட்டை மாற்றுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஃபேன் கொக்கியைச் சுற்றி ஈரவட்டம் தெரிகிறது. அதற்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைத்துத்தான் அங்கேயே மூன்று முறை பெயின்ட் அடித்திருக்கிறீர்கள், சரிதானே? நானும் அப்படித்தான் தேடினேன். எங்கள் தையல் கூடத்துக்கு மேல் தளத்தில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேள் புகக்கூட வழியில்லை. கடைசியில் தண்ணீர் இறங்கிய இடம் பதினாலு அடி தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. அங்கே இறங்கி, ஜல்லித் தளத்துக்குள்ளேயே வாட்டம் (சாய்வு) பார்த்து ஓடி, கான்கிரீட்டில் புதைத்த கரண்ட் பைப் வழியாகக் கொக்கிக்கு வந்திருக்கிறது. ஒழுகும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கொத்தனார் அண்ணன் அன்றைக்குச் சொன்னது: "தண்ணிக்கு வழி தெரியும்மா, நமக்குத்தான் தெரியல."

16 ஜூன் 2024

நுழையும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மேலூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். தண்ணீர் கட்டிப் பார்ப்பதுதான் நான் நம்பும் வழி. தளம் முழுக்க ஒரேயடியாகக் கட்டாதீர்கள். வயலில் பாத்தி கட்டுவது போல, மெலிந்த சாந்து வரப்பு வைத்து நாலைந்து பாத்தியாகப் பிரியுங்கள். ஒரு பாத்தியில் இரண்டு இஞ்சுக்கு மிகாமல் தண்ணீர். குறைந்தது ஒருநாள் முழுக்க, முடிந்தால் இரண்டு நாள் நிற்கவிட்டுக் கீழே ஒவ்வோர் அறையாகப் பாருங்கள். அப்புறம் அடுத்த பாத்தி. தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் கொஞ்சம் வற்றும், பயப்படவேண்டாம். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டால் வற்றியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சீலிங் கம்பி வெளியே தெரியும் கட்டடமாக இருந்தால் இதைச் செய்யவே செய்யாதீர்கள். அங்கே பொறியாளரைக் கூப்பிடவேண்டும். கம்பி துருப்பிடித்தால் இரும்பு இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். அந்தப் பருமன்தான் கான்கிரீட்டைக் கீழே தள்ளி உதிர்க்கிறது. கிளினிக்கில் விழுந்தது வெறும் பூச்சா, அதனோடு கான்கிரீட் செதிலும் வந்ததா என்று பாருங்கள். விழுந்த துண்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் செம்பழுப்புக் கோடு இருந்தால் கம்பியின் துரு. இதைத் தள்ளிப்போடாதீர்கள். நோயாளிகள் உட்காரும் இடம் அது.

2 ஜூலை 2024

திருமங்கலத்துக்காரரிடமிருந்து நல்ல செய்தி: விழுந்தது பூச்சு மட்டும்தான். பொறியாளர் ஒருவர் வந்து தட்டிப் பார்த்திருக்கிறார், இரண்டு இடத்தில் மட்டும் பொக்கைச் சத்தம். நிம்மதி.

தளத்தில் அரசங்கன்று ஒன்று முளைத்திருப்பதாகவும், வேலையாள் அதைப் பிடுங்க மறுப்பதாகவும் எழுதியிருக்கிறார். எங்கள் கட்டடத்திலும் இதே கதை நடந்தது. புறாவும் காக்கையும் பழத்தைத் தின்றுவிட்டுப் போடும் எச்சத்தில் விதை வருகிறது. தண்ணீர்க் குழாய் வாயில் சேரும் தூசிதான் அதற்கு மண். அரசமரத்தை வெட்டமாட்டேன் என்றார் எங்கள் நிமிந்தாள் (கொத்தனாருக்குக் கையாளாக இருப்பவர்). அவர் மனசையும் மதிக்கவேண்டும். வேரோடு பிடுங்கி வைகைக் கரையில் ஒரு பிள்ளையார் கோவில் ஓரமாக நட்டோம். இப்போது ஆளுயரம் வந்துவிட்டது.

கன்று கையளவு இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

21 ஜூலை 2024

ஆடி பிறந்துவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கப்பலூர் பக்கம் என் தம்பிக்கு ஒரு ஷீட் போட்ட குடோன் இருக்கிறது. நேற்று அங்கே போய்விட்டு வந்தேன். தளம் போட்ட மாடிக்கும் ஷீட் கூரைக்கும் பராமரிப்பு முற்றிலும் வேறு, அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

ஷீட் கூரையில் ஷீட் முதலில் கெடுவதில்லை, ஸ்க்ரூதான் கெடுகிறது. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலைக்கடியிலும் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். மதுரை வெயில் அதைச் சில வருஷத்தில் வெடிக்க வைத்துவிடும். இன்னொரு பக்கம், ஷீட் தானே நீண்டு சுருங்குகிறது. 12 மீட்டர் நீளமுள்ள இரும்பு ஷீட் ஒன்று, விடியற்காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவில் 40 டிகிரி வித்தியாசம் கண்டால் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நீளும். தினம் ஒருமுறை நீண்டு, ஒருமுறை சுருங்கும். அந்த இழுப்பில் ஸ்க்ரூ ஓட்டை நீள்வட்டமாகிவிடும். அப்புறம் ஆடிக் காற்று அடியில் புகுந்து தூக்கும்.

தம்பியின் குடோனில் மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசை ஸ்க்ரூ கையால் ஆட்டினாலே ஆடியது. பழைய ஓட்டையிலேயே ஒரு சுற்றுப் பெரிய ஸ்க்ரூ, புது வாஷர். ரொம்பவும் முறுக்கக் கூடாது. வாஷர் பிதுங்கினால் அது கிழியப் போகிறது என்று அர்த்தம். துளை போடும்போது விழும் இரும்புத் தூளைத் துடைப்பத்தால் கூட்டி எடுக்காமல் விட்டால் ஒரே மழையில் ஷீட்டெல்லாம் துருப்புள்ளி.

இனி எழுதப்போவதைத் தயவுசெய்து படியுங்கள். அந்த வரிசையில் வேறொரு குடோனில், நாலைந்து வருஷம் முன்னால், வெளிச்சத்துக்காக நடுவில் போட்டிருந்த ஃபைபர் ஷீட்டில் ஒரு பையன் கால் வைத்துவிட்டான். தூசி படிந்து அதுவும் இரும்பு ஷீட் மாதிரியே தெரிந்திருக்கிறது. இடுப்புவரை இறங்கி, கைகளால் பிடித்துக்கொண்டதால் பிழைத்தான். தொடை முழுக்கக் கிழிந்துவிட்டது. சிமென்ட் ஷீட்டும் அப்படித்தான், முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். ஷீட்டின் மேல் நடக்கவேண்டுமென்றால் அடியில் இரும்புச் சட்டம் போகும் ஸ்க்ரூ வரிசை மேல் பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டி நடக்கவேண்டும். ஐம்பது ரூபாய் வாஷருக்காக ஓர் ஆளை மேலே ஏற்றும்போது கயிறு இருக்கிறதா என்று கேட்பது நம் கடமை. கயிறு இல்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை.

22 ஜூலை 2024

2-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். கன்று கையளவு இருந்தால் பிடுங்குங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டேன். தண்டு விரல் கனம் வந்துவிட்டால் இழுத்துப் பிடுங்கவே கூடாது. வேர் தட்டோட்டுக்கு அடியில் ஜல்லித் தளத்தில் பரவியிருக்கும். இழுத்தால் வேர் அறுந்து உள்ளே நிற்கும், தட்டோடும் பெயரும். அறுந்த வேர் மறுபடியும் துளிர்க்கும். அந்த இடத்துத் தட்டோட்டை எடுத்துவிட்டு, வேரை முழுதாகத் தோண்டி எடுத்து, ஜல்லியும் சுண்ணாம்பும் புதிதாக இட்டு, மேலே தட்டோடு பதிப்பதுதான் சரி. எங்களிடம் அந்தப் பிள்ளையார் கோவில் கன்று வந்த இடத்தில் நான் அப்படிச் செய்யவில்லை. இரண்டு வருஷம் கழித்து அங்கேதான் ஈரம் கண்டது.

தம்பி இன்னொன்று கேட்டான்: சூடு குறைய ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்கலாமா? கான்கிரீட் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது நல்ல பழக்கம், வெயிலைத் திருப்பியடிக்கும், செலவும் சொற்பம். ஆனால் இப்போது வரும் கால்வால்யூம் ஷீட்டில் அலுமினியமும் துத்தநாகமும் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் ஈரச் சிமென்ட்டும் அந்தப் பூச்சை அரிக்கும். ஏ.சி. யூனிட்டின் செம்புக் குழாய் மேல் வழிந்த தண்ணீரும் அதன் மேல் விழக் கூடாது.

18 ஆகஸ்ட் 2024

மழைக்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை. எங்கள் கட்டடத்தின் பின்பகுதி, மாமனாரின் அப்பா காலத்தது. அது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன்மேல் கட்டைகள், கட்டைகளுக்கு மேல் சிறிய செங்கல்லைக் குத்துக்கல்லாகக் கோணவாக்கில் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம். மாமியார் சொல்வார்: சித்தாள்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்களாம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்கவேண்டும். கட்டை எகிறிக் குதிக்கிற அளவுக்குத் தளம் இறுகினால்தான் மேஸ்திரி போதும் என்பாராம்.

பொதுப்பணித்துறைக் கணக்கிலும் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு என்று அளவு உண்டு. மணல் கிடையாது. மேலே 23 சென்டிமீட்டர் சதுரத் தட்டோடு. இந்தத் தளம் மூச்சு விடும். வாங்கிய ஈரத்தை வெயிலில் திருப்பிக் கொடுத்துவிடும். சிறு வெடிப்பைச் சுண்ணாம்பே காலப்போக்கில் அடைத்துக்கொள்ளும். இதன் மேல் பிளாஸ்டிக் போல மூடும் பெயின்டைப் பூசுவது, ஓடிக் களைத்து வந்தவன் வாயைக் கட்டுவது போல. அதற்குத் தேவை இணைப்புகளைச் சுரண்டிச் சாந்து பூசுவதுதான்.

சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதியில் வரும்போது மொட்டை மாடிகளைப் பார்த்திருக்கிறீர்களா? கால் வைக்க இடமிருக்காது. அந்த வரிசையில் இப்படிப்பட்ட பழைய தளங்கள் எத்தனையோ. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை விதிப்படி, ஆள் நடமாடும் மாடி சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி போடவேண்டும். பராமரிப்புக்கு மட்டும் ஏறும் கூரைக்கு அதில் பாதிதான். தேக்குக் கட்டையின் நுனி சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில்தான் ஈரம் பட்டு உளுக்கும், கரையான் ஏறும். அது வெளியே தெரியாது. நாங்கள் பின்பகுதி மாடிக்குத் தேரன்று யாரையும் ஏற்றுவதில்லை. சொந்தக்காரர்கள் மூன்று வருஷம் கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை, முன்பகுதி மாடியில் காபியோடு இடம் தருகிறோம்.

15 செப்டம்பர் 2024

இந்த வாரம் நான் செய்தது: முன்பகுதித் தளத்தை ஒரு முறை கூட்டி, ஆடிக் காற்று கொண்டுவந்த குப்பையை அள்ளினோம். மூன்று சாக்கு. அதில் வேப்பிலை, பாலிதீன், காற்றாடி வால், ஜவுளிக் கடைத் துணித் துண்டு, ஒரு குழந்தையின் செருப்பு. துணித் துண்டுதான் மோசம். ஈரமானதும் குழாய் ஜாலியில் (குழாய் வாயில் வைக்கும் சல்லடை) ஒட்டிக்கொண்டு ஒரு சொட்டு விடாது. அப்புறம் ஒவ்வொரு குழாயிலும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கீழே ஓர் ஆளை நிறுத்திப் பார்த்தோம். நாலு குழாயில் மூன்று ஓடியது.

நாலாவது ஓடாததற்குக் காரணம் மாடியில் இல்லை. 2003-இல் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமானபோது அந்தக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்பினார்கள். கிணற்றுக்கு முன்னால் மணல், ஜல்லி போட்ட வடிகட்டித் தொட்டி. இருபது வருஷத்து மண் அதில் இறுகிக் கல்லாகியிருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் குழாய்க்குள்ளேயே நிற்கிறது. மாடியைச் சுத்தம் செய்பவர்கள் இந்தத் தொட்டியை மறந்துவிடுகிறோம். மணலை மாற்றினோம்.

நாலும் ஓடினால் போதும் என்று இங்கே எழுத உட்கார்ந்தேன். போன மாதம் இங்கே கருத்துச் சொன்ன பொறியாளர் ஒருவர், "தளத்தின் பரப்பு எவ்வளவு, குழாய் எத்தனை இஞ்சு?" என்று கேட்டார். 3,200 சதுர அடி, நாலு இஞ்சு என்றேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பில் உள்ள அட்டவணையை அனுப்பினார். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழைக்கு, ஒரு நாலு இஞ்சுக் குழாய் சுமார் 43 சதுர மீட்டர் தளத்துக்குத்தான் போதும். எங்கள் தளம் 297 சதுர மீட்டர். ஏழு குழாய் வேண்டும். இருப்பது நாலு.

கைப்பிடிச் சுவர் சுற்றிலும் இருக்கிற தளம் ஒரு தொட்டிதான். குழாய் அடைத்து 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. எங்கள் தளம் முழுக்கக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட முப்பது டன். முப்பது டன்னைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு கீழே பிள்ளைகள் டியூஷன் படிக்கிறார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

29 செப்டம்பர் 2024

பின்பக்கம் இரண்டு குழாய் புதிதாக இறக்கியாயிற்று. அதோடு கைப்பிடிச் சுவரில் மூன்று இடத்தில், தளத்திலிருந்து இரண்டு இஞ்சு உயரத்தில் வழிவாய் வைத்தோம். குழாயெல்லாம் அடைத்தாலும் தண்ணீர் அதற்கு மேல் ஏறாமல் வெளியே கொட்டிவிடும். வழிவாயில் தண்ணீர் கொட்டினால் ரோட்டில் போகிறவர்களே சொல்லிவிடுவார்கள், "மேலே அடைச்சிருக்கு" என்று. மூன்றாவது புதுக் குழாய்க்கு இடமில்லை, பக்கத்துச் சுவர் ஒட்டிவிட்டது.

திருமங்கலத்துக்காரருக்கு: ஷீட் போடலாமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை, மன்னியுங்கள். சூட்டுக்காகப் போடுவதென்றால் போடலாம், அனுமதி கேட்டுக்கொண்டு, காற்றில் தூக்காமல் பிடிக்கும் நல்ல ஆங்கர் போல்ட்டோடு. ஒழுகலை மறைக்கப் போடாதீர்கள். ஷீட்டில் விழும் மழையும் அதே குழாய்க்குத்தான் வரவேண்டும். சாய்வில் வேகமாக வரும். அடியில் இருக்கும் தளத்தை அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், பழைய சாமான் போடுகிற இடமாகிவிடும்.

26 அக்டோபர் 2024

நேற்றைய மழையைப் பற்றி மதுரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மத்தியானத்துக்கு மேல் கால் மணி நேரத்துக்குள் மட்டும் நாலரை சென்டிமீட்டர் என்று செய்தியில் வந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் 180 மில்லிமீட்டருக்குக் குறையாத வேகம். அட்டவணையில் நாங்கள் பார்த்தது 100-க்கு. செல்லூர், பீபிகுளம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். அங்கே இருக்கும் எங்கள் தையல் கூடப் பெண்கள் நாலு பேர் இன்னும் வேலைக்கு வரவில்லை. மாற்றுத் துணி சேகரித்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கிறது. கீழே ஜவுளிக் கடையில் கூரைவரை சரக்கு. மழை பிடித்ததும் நான் குடையோடு மேலே போனேன். ஆறு குழாயும் நிறைந்து ஓடியது. போதவில்லை. தண்ணீர் கணுக்கால் எலும்புக்கு ஏறியது, அப்புறம் மூன்று வழிவாயும் ஒரே சமயத்தில் கொட்ட ஆரம்பித்தன. அங்கேயே நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. எங்கள் தளத்தில் அந்தக் கால் மணி நேரத்தில் மட்டும் விழுந்தது பதின்மூன்றாயிரம் லிட்டருக்கு மேல், ஒரு பெரிய தண்ணீர் லாரி. கடைக்காரர் அண்ணாச்சி தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்து, "மூணு அருவி ஊத்துதும்மா!" என்று கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கீழே ஓர் இடத்தில் மட்டும் கசிவு: ஆடிட்டர் அறையில், ஏ.சி. பைப் சுவருக்குள் நுழையும் துவாரம். நோட்டைப் புரட்டினேன். மே 14, ஏ.சி. மெக்கானிக், "பைப் மாற்றினோம்" என்று எழுதியிருக்கிறார். துவாரத்தை அடைத்ததாக எழுதவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை.

27 அக்டோபர் 2024

துவாரம் அடைத்தாயிற்று. பைப் வெளியே கீழ்நோக்கி வளைந்து, அப்புறம் உள்ளே ஏறும்படி மாற்றினோம். நேராகவோ உள்பக்கம் சாய்ந்தோ போனால் தண்ணீர் பைப்பையே பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

9 நவம்பர் 2024

"இதற்கெல்லாம் வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது, வாடகைக்குக் கட்டுபடியாகுமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தொகையைவிட எங்கே போகிறது என்று சொல்கிறேன். எங்கள் நோட்டில் பெரும்பகுதி கூலி: துடைப்பம் பிடிப்பவர், குப்பை இறக்குபவர், கொத்தனார் அரைநாள். பொருள் என்று பார்த்தால் தட்டோட்டு இணைப்புக்குச் சிமென்ட், குழாய் ஜாலி, கொஞ்சம் சீலன்ட். குழாய் இறக்கிய வருஷம் மட்டும் அதிகம். 2011-இல் நனைந்த கோப்புகளை மறுபடி தயாரிக்க ஆடிட்டருக்கு நான் கொடுத்த தொகை, அதற்குப் பின் வந்த ஐந்து வருஷத் தளச் செலவைவிட அதிகம்.

நாள் கணக்கையும் கேட்டார்கள். பங்குனி கடைசியில் ஒருமுறை முழுதாகப் பார்ப்பேன், பூச்சு, இணைப்பு வேலையெல்லாம் அப்போதுதான், தளம் எலும்புவரை காய்ந்திருக்கும். ஆனால் கோடை மத்தியானத்தில் பெயின்ட் பூசாதீர்கள். தளம் 60 டிகிரி தாண்டியிருக்கும், பூசியது பரவுவதற்குள் காய்ந்து ஊசி ஓட்டை விழும். விடிந்ததும் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடிக்கவேண்டும். ஆடி முடிந்ததும் கூட்டல். ஐப்பசியில் வாரம் ஒருமுறை குழாய் வாய். ஒவ்வொரு பெரிய மழைக்கும் மறுநாள் காலையில் ஒரு நடை: தண்ணீர் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, இரண்டு நாள் கழித்தும் நின்றால் அங்கே வாட்டம் போய்விட்டது என்று அர்த்தம்.

14 டிசம்பர் 2024

திருமங்கலத்துக்காரர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கமாக: பாத்தி கட்டிப் பார்த்ததில் மூன்றாவது பாத்தியில் தண்ணீர் இறங்கியது. கொக்கிக்கு நேர் மேலே இருந்தது முதல் பாத்தி. தளத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிவதை யாரும் கவனிக்கவில்லை, மிதவை வால்வு போய் எத்தனை மாதமோ. தொட்டிப் பீடத்துக்கு அடியில் எப்போதும் ஈரம். மழைக்காலத்தில் அது நிரம்பி வழிந்திருக்கிறது. வால்வை மாற்றி, பீடத்தைச் சுற்றிச் சாய்வாகக் கலவை வைத்து, பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டியிருக்கிறார்கள். புதுப் பெயின்ட் அடிக்கவில்லை, பங்குனிக்குத் தள்ளிவைத்திருக்கிறார். ஐப்பசி போய்விட்டது, கார்த்திகையும் முடியப்போகிறது. கொக்கி காய்ந்திருக்கிறது.

தொட்டி வழிவதைப் பற்றி நான் இந்த ஆறு மாதத்தில் ஒரு வரி எழுதவில்லை. ஜூன் மாதமே முதல் கேள்வியாகக் கேட்டிருக்கவேண்டும்.

19 ஜனவரி 2025

பொங்கல் முடிந்து இன்று மேலே போனேன். முன்பகுதியும் பின்பகுதியும் சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று இருக்கிறது. பழைய சுண்ணாம்புத் தளமும் ஆர்.சி.சி. (கம்பி போட்ட கான்கிரீட்) தளமும் ஒரே மாதிரி நீளாது, ஒரே மாதிரி சுருங்காது, அந்த இழுப்பாகத்தான் இருக்கும். இப்போது சாந்து பூசினால் அதுவும் சேர்ந்து வெடிக்கும். வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன், குறுக்கே இரண்டு இடத்தில் கண்ணாடித் துண்டைச் சாந்தில் பதித்திருக்கிறேன். கண்ணாடி உடைந்தால் அது இன்னும் நகர்கிறது. பங்குனியில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.